எட்டாவது துண்டு

ஏழு துண்டுகள் இருந்தன. எட்டு வேண்டும்.

மணி இரண்டு பத்து. நான்கு மணிக்கு விசாரணை.

மருந்து வாரியத்தின் இரண்டாம் மாடித் தாழ்வாரத்தில் தாடி நடந்துகொண்டிருந்தான். பதினெட்டு அடி போவான், திரும்புவான். பெஞ்சில் இடம் இருந்தது. அவன் உட்காரவில்லை. தாடியை எடுக்காததால் வந்த பெயர் அது. ஏன் எடுக்கவில்லை என்று யாரும் கேட்டதில்லை. பொய்யான பதிவுகளைக் கண்டுபிடித்துக் கொடுப்பது அவன் தொழில்.

"பாஸ், இதே வேகத்துல நேரா நடந்திருந்தா இந்நேரம் கடல் வந்திருக்கும்."

பேசியவள் வெடி. அவனுடைய உதவியாளர். முன்பு கூரியர் கம்பெனியில் ஸ்கூட்டர் ஓட்டியவள். வாயை மூடிக்கொண்டு பார்சலைக் கொடுக்கத் தெரியாது என்று வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். இப்போது மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திரும்ப எண்ணு."

"ஏழு தடவை எண்ணிட்டேன். எட்டாவது தடவை எண்ணினா எட்டாயிடும்னு நெனக்கிறீங்களா?"

பெஞ்சின் மறு ஓரத்தில் ஆப்பரேட்டர் அக்கா உட்கார்ந்திருந்தார். மருந்துக் குளிர்கிடங்கின் தலைமை ஆப்பரேட்டர். நாற்பது வயது இருக்கும். தாழ்வாரத்தில் மின்விசிறி ஓடவில்லை. ஆனாலும் கம்பளி ஸ்வெட்டரைக் கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தார். விரல் நுனிகள் வெடித்திருந்தன.

"எப்படிக்கா இந்தப் புழுக்கத்துல?"

"பதினாலு வருஷம் நாலு டிகிரியில வேலை பாத்தாச்சு. வெளிய வந்தாலும் உடம்பு நம்ப மாட்டேங்குது."

அவர் தலைமேல் இருந்த குற்றம் இதுதான். கிடங்கிலிருந்து போன இன்சுலின் கெட்டுப்போயிருந்தது. போட்டுக்கொண்ட பதினோரு பேர் ஆஸ்பத்திரியில் விழுந்தார்கள். பத்துப் பேர் எழுந்துவிட்டார்கள். ஒரு பஸ் டிரைவர் இன்னும் கண் திறக்கவில்லை. மருந்து அக்காவின் அறையில்தான் கெட்டது என்றார் அதைக் கொண்டுவந்த லாரி முதலாளி. சரக்கு வந்த நாள் மதியம் மூன்று மணிக்கு அவருடைய வண்டியிலிருந்து இறங்கியபோது சரக்கு ஐந்து டிகிரியில் இருந்தது. அதற்குப் பதிவு இருந்தது.

அக்கா சொன்னது வேறு. அதே நாள் காலை பதினொன்று நாற்பதுக்கு அதே சரக்கு முதலில் அவருடைய இன்னொரு வண்டியில் வந்தது. கதவைத் திறந்தால் நாற்பத்தொரு டிகிரி. அவர் இறக்க விடவில்லை, திருப்பி அனுப்பினார். மதியம் ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போனார். அவர் போன பிறகு மருந்தைக் குளிரவைத்து, வேறு வண்டியில் ஏற்றி, அடுத்த ஷிஃப்ட்காரரிடம் இறக்கியிருக்கிறார்கள். வெந்த மருந்தைக் குளிரவைத்தால் குளிரும், மறுபடி மருந்தாகாது.

பதினொன்று நாற்பதுக்கு வண்டி எதுவும் வரவே இல்லை என்றார் லாரி முதலாளி.

"என் டைரில எழுதி வச்சிருக்கேன்," என்றார் அக்கா. இந்த மாதத்தில் நூறாவது முறையாக இருக்கலாம்.

"டைரி செல்லாதுக்கா. பின்னாடி எழுதியிருக்கலாம்னு சொல்லுவாங்க. கையால எழுதினா நம்ப மாட்டாங்க, மெஷின் எழுதினா தொலைச்சுடுவாங்க. வாரியம்னா சும்மாவா," என்றாள் வெடி.

மெஷின் எழுதியது உண்மை. கிடங்கு வாசலில் உள்ள சென்சார், வரும் ஒவ்வொரு வண்டியின் வெப்பத்தையும், பின்னால் யாரும் திருத்த முடியாத பொதுப் பதிவேடான பிளாக்செயினில் எழுதும். பத்து நிமிடத்துக்கு ஒரு பிளாக். ஒவ்வொரு பிளாக்கும் பதினாறு துண்டுகளாகப் பிரிந்து, ஊரில் பதினாறு இடங்களில் உள்ள பதினாறு பெட்டிகளுக்குப் போகும். பதினொன்று நாற்பதுக்கான பிளாக்கில் மட்டும் ஒன்பது பெட்டிகளில் துண்டு இல்லை. அன்று மாலை ஆறரைக்கு யாரோ அழித்திருந்தார்கள். பராமரிப்புப் பாஸ்வேர்டை வைத்து. அந்தப் பாஸ்வேர்டு கிடங்கின் கீழ்த்தள மானிட்டரில் மஞ்சள் காகிதத்தில் எழுதி ஒட்டப்பட்டிருந்தது. லாரி முதலாளியின் டிரைவர்கள்கூட அதைப் பார்த்திருக்கலாம்.

எதிரே இருந்த அறைக்கதவு திறந்தது. தொழில்நுட்ப அதிகாரி வெளியே வந்தார். விசாரணைக் குழுவின் மூன்று பேரில் ஒருவர். மெல்லிய குரல், தேய்த்த சட்டை. மிஞ்சிய ஏழு துண்டுகளையும் எடுத்துக் கொடுத்தது அவர்தான்.

"எதாவது கிடைச்சுதா?" என்றார்.

"இல்ல," என்றான் தாடி.

"எனக்கே கஷ்டமாதான் இருக்கு. இன்னும் ஒண்ணு இருந்திருந்தா போதும்."

கதவைப் பூட்டினார். பூட்டை இழுத்துப் பார்த்தார். நான்கு அடி நடந்தார். திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்த்தார். படிக்கட்டு வரை போனவர், நின்று, அங்கிருந்தே பூட்டை ஒருமுறை பார்த்துவிட்டு இறங்கினார்.

"இவர் கல்யாணத்துல தாலி கட்டிட்டு எத்தனை தடவை இழுத்துப் பாத்திருப்பார்?" என்றாள் வெடி.

தாடி சிரிக்கவில்லை. நடந்தான்.

அக்கா மெதுவாகக் கேட்டார். "ஒரு சந்தேகம். பாதி துண்டு போச்சு. மீதி பாதில பாதி விஷயமாவது தெரியணுமில்ல? நாற்பத்தொண்ணுங்கற ஒரு நம்பர்தானே. அது அந்த ஏழுல இருக்கக்கூடாதா?"

தாடி நின்றான். "ரெண்டு நம்பர் சொல்லுங்க."

"மூணு. அஞ்சு."

"வெடிகிட்ட மூணு குடுக்கிறேன். உங்ககிட்ட அஞ்சு. மூணாவதா ஒருத்தர்கிட்ட ரெண்டையும் கூட்டி எட்டு குடுக்கிறேன். இப்ப நீங்க உங்க அஞ்சைத் தொலைச்சுட்டீங்க."

"வெடிகிட்ட மூணு. அவர்கிட்ட எட்டு. எட்டுல மூணு போனா அஞ்சு."

"யார் தொலைச்சாலும் மத்த ரெண்டு பேர் போதும். ஆனா ஒருத்தர் மட்டும் மிஞ்சினா? எட்டு மட்டும் இருக்கு. அது மூணும் அஞ்சுமா, ஆறும் ரெண்டுமா?"

"தெரியாது."

"இதுவும் அதுதான். எட்டுத் துண்டு நிஜம். அதைக் கலந்து கலந்து பதினாறா பெருக்கியிருக்காங்க. எந்த எட்டு கிடைச்சாலும் முழுசும் வரும். ஏழு கிடைச்சா ஒண்ணும் வராது."

"போலியா ஒண்ணு செஞ்சு வச்சா?"

"முடியாது. நம்ம கைரேகை மாதிரி ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு ரேகை உண்டு, அது எல்லாப் பெட்டியிலயும் இருக்கு. நிஜம்தான் பொருந்தும்."

"இதுல திருடனோட நிலைமையைப் பாருங்கக்கா," என்றாள் வெடி. "அவனுக்கு மறைக்க வேண்டியது ஒரு நம்பர். ஒரு கடுகு. அதுக்கு அரை மூட்டைக்கு மேல தூக்கிட்டுப் போகணும். முதுகு வலிக்குமா வலிக்காதா?"

"வலிக்கும். அதான் கேள்வி," என்றான் தாடி. "கணக்குத் தெரியாதவன் என்ன பண்ணுவான்? கிடங்குப் பெட்டியை மட்டும் உடைப்பான். இல்ல, பதினாறையும் அழிப்பான். இவன் ஒன்பது அழிச்சான். எட்டு அழிச்சா பத்தாது. பத்து தேவையில்ல. சரியா ஒன்பது."

"அப்ப லாரி டிரைவர் இல்ல," என்றாள் வெடி.

"இல்ல."

தாழ்வாரத்தின் கடைசிக்குப் போய்த் திரும்பினான்.

"போன்."

"போனா? நேத்தே கேட்டோமே. அதிகாரி சார் சிரிச்சார். பொம்மைன்னார்."

"அக்காவுக்குச் சொல்லு. சொல்லும்போது நானும் கேக்கறேன்."

வெடி அக்கா பக்கம் திரும்பினாள். "ஊர்ல முந்நூறு பேர் போன்ல ஒரு ஆப் இருக்குக்கா. வாரியத்தை நம்பாதவங்க வச்சிருக்கறது. ஒவ்வொரு பிளாக் வந்ததும் அது தானா சீட்டுக் குலுக்கி ஒரு நம்பர் எடுக்கும். பெட்டிகிட்ட அந்தத் துண்டைக் கேக்கும். இருக்கா? இருக்கு. அவ்வளவுதான். முந்நூறு போனும் ஆளுக்கு ஒண்ணு கேட்டுட்டு எல்லாத்துக்கும் இருக்குன்னு பதில் வந்தா, பாதிக்கு மேல ஒளிச்சு வைக்க வழியே இல்ல. அன்னைக்கும் எல்லாம் கேட்டுது, எல்லாத்துக்கும் இருக்குன்னுதான் பதில். ஆறரைக்கு அழிஞ்சது அதுக்கப்புறம்."

"கேட்டு வாங்கின துண்டு?"

"போன்லயே இருக்கும். இருந்துச்சு. போன வாரம் ஆப்புக்குப் புதுப் பதிப்பு வந்துது. அப்டேட் ஆனதும் பழசெல்லாம் சுத்தமா துடைச்சிடுச்சு."

"புதுப் பதிப்பை யார் விட்டாங்க?" என்றான் தாடி.

வெடி தட்டிப் பார்த்தாள். "வாரியம். தொழில்நுட்பப் பிரிவு."

"இப்ப பழைய பதிப்புல ஓடற போன் இருக்கா பாரு."

"முந்நூறு பேர்ல ஒருத்தர்கூடவா அப்டேட் பண்ணாம இருக்க மாட்டாங்க? எங்க சித்தப்பா மாதிரி ஆளுங்க..." அவள் நிறுத்தினாள். விரல் திரையில் நின்றது. "பாஸ். ஒண்ணு இருக்கு. உயிரோட. மருந்துக்கடை. ரயில் பாலத்துக்கு அந்தப் பக்கம்."

தாடி ஏற்கெனவே படிக்கட்டில் இருந்தான்.

*

சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். வெடி ஸ்கூட்டரை நடைபாதையில் ஏற்றினாள், இறக்கினாள், ஒரு தண்ணீர் லாரியின் பின்னால் போய் நின்று ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தாள்.

"பாஸ், பின்னாடி உக்காந்துகிட்டு கால ஆட்டாதீங்க. வண்டி ஆடுது."

"உக்காந்திருக்கேன்ல."

"அதுவே அதிசயம்தான்."

மருந்துக்கடை சிறியது. ஒரு கவுன்டர், மூன்று சுவர் நிறைய அலமாரிகள், ஒரு ஃபிரிட்ஜ். மருந்துக்கடைக்காரருக்கு முப்பது வயதுகூட இருக்காது. மாத்திரை அட்டைகளில் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார். தாடி விஷயத்தைச் சொன்னான். சுருக்கமாக.

அவர் தன் போனை எடுத்து நீட்டினார். "இதுல அப்படி ஆப் எதுவும் இல்லையே."

"வேற போன்?"

அவர் லேபிளை வைத்தார். கவுன்டருக்குக் கீழே இருந்த இழுப்பறையைத் திறந்தார். உள்ளே மூலை உடைந்த ஒரு போன். சார்ஜர் கம்பி இழுப்பறையின் பின்புறத் துளை வழியாக உள்ளே வந்திருந்தது.

"இது யாரோடது?" என்றாள் வெடி.

"வைஃபோடது."

"அவங்க எப்ப வருவாங்க?"

"இல்ல. பதினோரு மாசம் ஆச்சு."

வெடி ஹெல்மெட்டைச் சத்தமில்லாமல் கவுன்டரில் வைத்தாள். அவளுக்கு அது அபூர்வம்.

"அவதான் இதெல்லாம் போட்டு வைப்பா. வாரியத்து மேல நம்பிக்கை கிடையாது," என்றார் அவர். "பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை லைட் எரியும். என்னமோ கேக்கும். பதில் வந்ததும் அணைஞ்சுடும். நான் தொடறதில்ல. சார்ஜ் மட்டும் போட்டுடுவேன்."

"அப்டேட் கேக்கலையா?"

"தினம் கேக்கும். பிறகுன்னு அமுக்கிடுவேன். அப்டேட் பண்ணா எது இருக்கும், எது போகும்னு தெரியாதில்ல."

தாடி அந்த போனைப் பார்த்துக்கொண்டு நின்றான். நடக்கவில்லை. வெடி அதைக் கவனித்தாள்.

"எடுத்துட்டுப் போகணுமா?" என்றார் மருந்துக்கடைக்காரர். குரல் மாறவில்லை. கை மட்டும் இழுப்பறையின் விளிம்பில் இருந்தது.

"வேண்டாம்," என்றான் தாடி. "இருக்கற இடத்துலயே இருக்கட்டும். ஆப் ஓடினா போதும். பக்கத்துல இருந்து யார் துண்டு கேட்டாலும் அது குடுக்கும். அனுமதிகூட கேக்காது. அதோட வேலையே அதுதான்."

வெடி லேப்டாப்பைக் கவுன்டரில் வைத்தாள். அந்த நாள். அந்த பிளாக். இருக்கா என்று கேட்டாள். இழுப்பறைக்குள் வெளிச்சம் எரிந்தது. இருக்கு.

துண்டு வந்தது. ரேகை பொருந்தியது. வெடி எண்ணைப் பார்த்தாள். மூச்சை விட்டாள்.

"நாலு."

"சொல்லு."

"நாலாம் நம்பர் துண்டு, பாஸ். நம்மகிட்ட இருக்கறது நாலு, ஆறு, ஏழு, பத்து, பன்னெண்டு, பதிமூணு, பதினஞ்சு. இது ஏற்கெனவே இருக்கு. பதினாறுல ஒண்ணு குலுக்கி எடுக்கச் சொன்னா, நம்ம வீட்ல இருக்கறதையே எடுத்துக் குடுக்குது."

மணி மூன்று ஐந்து.

"எதாவது கிடைச்சுதா?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

யாரும் பதில் சொல்லவில்லை. தாடி கடைக்குள் நடக்க முயன்றான். நான்கு அடிக்கு மேல் இடம் இல்லை. நான்கு அடி போனான், திரும்பினான்.

"இந்த போனுங்க ஒண்ணோட ஒண்ணு பேசுமா?"

"பேசும். யார் எதைக் கேட்டாங்கன்னு குறிப்பு வச்சுக்கும். அதுவும் அப்டேட்ல போயிருக்கும்..." வெடி நிமிர்ந்தாள். "இதுல போயிருக்காது."

திரையில் வரிசையாக விழுந்தன. அன்று அந்த பிளாக்கைக் கேட்டவர்கள். முந்நூறு போன்கள். பெயர் இல்லை, வெறும் எண்கள். ஒவ்வொன்றும் ஒரு துண்டு, பிளாக் வந்த ஒரு நிமிடத்துக்குள். பதினான்கு. மூன்று. ஒன்பது. மூன்று. பதினாறு.

கடைசியில் ஒன்று தனியாக இருந்தது. முந்நூற்று ஒன்றாவது. மாலை ஆறு ஐந்துக்கு.

"பாஸ், இது பேராசை புடிச்ச போன். ஒன்பது கேட்டிருக்கு. ஒண்ணு, ரெண்டு, மூணு, அஞ்சு, எட்டு, ஒன்பது, பதினொண்ணு, பதினாலு, பதினாறு."

"காணாமப் போன நம்பர்களைச் சொல்லு."

வெடி சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதே ஒன்பது. அதே வரிசை.

"குலுக்கிப் போட்டா சீட்டு வரிசையா வராது," என்றான் தாடி. "இவன் குலுக்கல. கையில பட்டியல் வச்சிருந்தான். அழிக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணும் இருக்கான்னு சரிபாத்திருக்கான்."

"ஆபீஸ் மெஷின்ல பாக்கறதுதானே?"

"அங்க பாத்தா பேர் விழும். போன்ல பாத்தா நம்பர்தான் விழும். பொம்மைதானேன்னு பாத்துட்டான். கேட்டதெல்லாம் தன் பையிலயே தங்கும்னு யோசிக்கல."

வெடி பட்டியலை மேலிருந்து மறுபடி பார்த்தாள். பிறகு சொன்னாள். "அப்ப ஒன்பதும் அவன் சட்டைப் பையில இருக்கு. துடைச்சுட்டான்னா?"

"அன்னைக்கு அப்புறம் அந்த ஆப்பைத் தொறந்திருக்கானா?"

"இல்ல. அதோட சரி. தொறக்காததால அப்டேட்டும் ஆகல."

"எந்த வைஃபைலேர்ந்து வந்தான்?"

அவள் பார்த்தாள். லேப்டாப்பை மூடினாள்.

"நாம கிளம்பி வந்த கட்டடம்."

*

மூன்று ஐம்பது. லிஃப்ட் முன்னால் லாரி முதலாளி நின்றார். வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் மூன்று பேனா. தாடியைப் பார்த்ததும் வழிவிட்டார்.

"என்ன தம்பி, மூச்சு வாங்குது? மெதுவா வாங்க. நாலு மணிக்கு மேல நமக்கெல்லாம் ஓய்வுதான்."

"உங்களுக்கு ஓய்வு நிறையவே கிடைக்கும் சார்," என்றாள் வெடி.

படியேறும்போது கேட்டாள். "இந்தக் கட்டடத்துல நூத்தி இருபது பேர். பத்து நிமிஷம். ஆளுக்கு அஞ்சு செகண்ட். வரிசையா போனைப் பிடுங்கலாமா?"

"பிடுங்க வேண்டாம். அவனே தொறப்பான்."

"தொறந்து வணக்கம் சொல்லுவானா?"

"வெடி, நான் உள்ள என்ன சொன்னாலும் நீ முகத்தை மாத்தக்கூடாது. துண்டு கேட்டுக்கிட்டே இருக்கற மாதிரி லேப்டாப்பை வை. எட்டு விழுந்தா மட்டும் திருப்பு."

"எங்கிட்டயே முகத்தை மாத்தாதேங்கறீங்களா? வாயையே மூடத் தெரியாமத்தான் கூரியர் கம்பெனில வேலை போச்சு."

விசாரணை அறையில் நீண்ட மேசை. நடுவில் தலைவர், ஓய்வுபெற்ற பெண் டாக்டர். அவருக்கு வலப்பக்கம் சளி பிடித்த ஓர் உறுப்பினர், கைக்குட்டையோடு. இடப்பக்கம் தொழில்நுட்ப அதிகாரி. எதிரே லாரி முதலாளி. ஓரத்தில் அக்கா, ஸ்வெட்டரோடு. மேசையில் அவருடைய அடையாள அட்டை கிடந்தது. ஒரு மாதம் முன்பு கழற்றி வாங்கியது.

"உக்காருங்க," என்றார் தலைவர்.

"நிக்கிறேன் மேடம்."

"சரி. அந்த பிளாக்கை மீட்க முடியலைன்னா, கிடைச்ச பதிவை வச்சு முடிவு பண்ணிடுவோம். கிடைச்ச பதிவு இந்தம்மாவுக்கு எதிராத்தான் இருக்கு. போலீஸுக்குப் போயிடும். அந்த பஸ் டிரைவருக்கு எதாவது ஆச்சுன்னா நான் தடுக்க முடியாது. புரியுதா?"

"புரியுது. எட்டாவது துண்டு கிடைச்சிடுச்சு."

வெடி லேப்டாப்பைப் பார்த்தாள். ஏழு. முகத்தை மாற்றவில்லை.

லாரி முதலாளி சிரித்தார். தனியாக.

"எங்க கிடைச்சுது?" என்றார் தலைவர்.

"ரயில் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மருந்துக்கடை. அப்டேட் பண்ணாத ஒரு போன்ல."

இதில் ஒவ்வொரு சொல்லும் உண்மை. தொழில்நுட்ப அதிகாரி பேனாவின் மூடியைக் கழற்றினார். போட்டார். அமுக்கிப் பார்த்தார்.

"வாய்ப்பில்லையே," என்றார் மெல்லிய குரலில். "எத்தனாம் நம்பர்?"

"பதினொண்ணு," என்றான் தாடி. அது பொய்.

"ரேகை பொருந்துதா?"

"முழுசா திறக்க இன்னும் ரெண்டு நிமிஷம் ஆகும். அதுவரைக்கும் எல்லாரும் கொஞ்சம் பொறுத்துக்கணும்."

அறை பொறுத்தது. சளி பிடித்தவர் தும்மினார். அக்கா கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தாடி சுவரோரம் நடந்தான். ஜன்னல் வரை ஆறு அடி. வெடி திரையைப் பார்த்தாள். ஏழு.

அதிகாரி நாற்காலியில் நகர்ந்தார். கதவைப் பார்த்தார். பேனாவை மேசைக்கு நேராக வைத்தார். மறுபடி நேராக்கினார்.

ஏழு.

தாடி ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, யாருக்கோ சொல்வதுபோல் சொன்னான். "ஒரு துண்டு போயிடுச்சா, இன்னும் இருக்கான்னு வெளியிலேர்ந்து யாரும் ஒரு நொடில பாத்துக்கலாம். அதுக்குத்தானே அந்த ஆப்பே."

அதிகாரியின் வலது கை மேசைக்குக் கீழே போனது.

ஏழு.

அவர் தலை சற்றுக் குனிந்தது. முகத்தில் கீழிருந்து மெல்லிய நீல வெளிச்சம் பட்டது.

வெடி திரையைப் பார்த்தாள். ஏழு எட்டாகவில்லை. ஒரேயடியாகப் பதினாறாகிவிட்டது.

அவள் லேப்டாப்பைத் தலைவர் பக்கம் திருப்பினாள். எட்டு விழுந்தால் திருப்பச் சொல்லியிருந்தான். பதினாறு விழுந்தால் என்ன செய்வது என்று சொல்லியிருக்கவில்லை.

பிளாக் திறந்தது. பதினொன்று நாற்பது. வண்டி எண். உள் வெப்பம் நாற்பத்தொன்று. ஆப்பரேட்டர் முடிவு: திருப்பி அனுப்பப்பட்டது.

தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"மன்னிக்கணும் மேடம்," என்றான் தாடி. "நான் உள்ள வந்தப்ப எட்டாவது துண்டு இல்ல. ஏழுதான் இருந்துது. இப்ப பதினாறு. மீதி ஒன்பதும் இந்த அறையில தொறந்த ஒரு போன்லேர்ந்து இப்பத்தான் வந்துது. அழியறதுக்கு இருபத்தஞ்சு நிமிஷம் முன்னாடி அதே ஒன்பதையும் வரிசையா கேட்டு வாங்கின போன் அது. எதுன்னு நான் சொல்லணுமா?"

அதிகாரியின் கை மேசைக்குக் கீழேயே இருந்தது. அவர் போனை அணைக்க மறந்துவிட்டார். வெளிச்சம் இன்னும் அவர் முகத்தில் இருந்தது.

"நான் சும்மா சரிபாத்தேன்," என்றார். "பொறுப்புல இருக்கறவன். சரிபாக்கறது என் வேலை."

"அன்னைக்கு ஆறு அஞ்சுக்கும் சரிபாத்தீங்க. அந்த பிளாக்குல பிரச்சினைன்னு யாருக்குமே தெரியாத நாள் அது. டிரைவர் விழுந்ததே அதுக்கு ரெண்டு நாள் கழிச்சுத்தான்."

வாயைத் திறந்தது லாரி முதலாளி. அவர் யாரையும் பார்க்காமல், மேசையின் குறுக்கே குனிந்து, வீட்டுக் கூடத்தில் பேசுவதுபோல் கேட்டார்.

"எதுக்கு மாப்ள இப்ப அதைத் தொறந்தீங்க?"

சளி பிடித்தவர் கைக்குட்டையை இறக்கினார்.

"மாப்ளயா?" என்றார் தலைவர்.

"சொந்த மாப்ள இல்ல," என்றார் லாரி முதலாளி அவசரமாக. "அண்ணன் மக வீட்டுக்காரர். நான் சின்ன மாமனார்தான்."

"அந்தத் தகவலைக் குழுவுல சேரும்போது எழுதித் தரணும். ரெண்டு பேருமே எழுதல." தலைவர் கையை நீட்டினார். "போன்."

அதிகாரி கொடுத்தார். கொடுத்த பிறகு, பழக்கதோஷத்தில், சட்டைப் பையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

தலைவர் அடையாள அட்டையை எடுத்து அக்கா பக்கம் தள்ளினார். அக்கா அதைத் தொடவில்லை.

"மேடம், முதல்ல ஆஸ்பத்திரிக்குச் சொல்லிடுங்க," என்றார். "எவ்வளவு சூட்டுல கெட்ட மருந்துன்னு இதுவரைக்கும் அவங்களுக்குத் தெரியாது. டிரைவருக்கு எதைப் பாக்கணும்னு தெரியாம பாத்துக்கிட்டிருக்காங்க. நாற்பத்தொண்ணுன்னு சொல்லுங்க."

தலைவர் தன் போனை எடுத்து ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டார். எண்ணைச் சொன்னார். அதன் பிறகுதான் அக்கா அட்டையை எடுத்து ஸ்வெட்டரில் மாட்டிக்கொண்டார்.

"ஆறு மணிக்கு ஷிஃப்ட். கிளம்பறேன்."

*

தாழ்வாரத்துப் பெஞ்ச் காலியாக இருந்தது. தாடி போய் உட்கார்ந்தான்.

"பாஸ், உக்காந்துட்டீங்க. அசையாதீங்க. ஒரு போட்டோ எடுத்துக்கறேன்."

"பதினாறு பெட்டிக்கும் துண்டைத் திருப்பி அனுப்பிட்டியா?"

"அனுப்பியாச்சு. இனி ஒன்பது இல்ல, பதினாறையும் தூக்கினாலும் எங்கிட்ட முழுசா ஒரு காப்பி இருக்கு." வெடி லேப்டாப்பை மூடப்போனாள். நின்றாள். "இங்க பாருங்க."

மணி நான்கு இருபது. புது பிளாக் வந்திருந்தது. முந்நூறு போன்கள் சீட்டுக் குலுக்கிக்கொண்டிருந்தன. பழைய பதிப்பில் ஒன்றே ஒன்று. இழுப்பறைக்குள் இருந்து. பன்னிரண்டாம் துண்டைக் கேட்டது. இருக்கா?

இருக்கு என்று பதில் போனது.

தாடி அந்த வரியைப் பார்த்தான். எழுந்தான்.

"எங்க கிளம்பிட்டீங்க? ஒரு நிமிஷம்கூட ஆகல."

"மருந்துக்கடைக்கு. எதாவது கிடைச்சுதான்னு கேட்டார். நாம பதிலே சொல்லல."

வெடி ஸ்கூட்டர் சாவியைத் தேடினாள். அவன் அதற்குள் பாதிப் படி இறங்கியிருந்தான்.